மூளையின் உறையும் கோமதியின் கன்னடமும்

என் தலைக்குள் என்ன நடந்தது என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். காய்கறிக் கடையில் ஒருவர், பஸ் நிறுத்தத்தில் ஒருவர், மாடிப்படியில் ஒருவர். எல்லாருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. பேசிப் பேசி வாய் வலிப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். இருந்தாலும் ஒரே கதையை எத்தனை முறை சொல்வது? எழுதிவிடுகிறேன்.

நான் கர்நாடகத்துப் பொம்மசந்திராவில் பல்சக்கரம் வெட்டும் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் திருப்பத்தூர்ப் பக்கம். வேலைக்கு வந்த புதிதில் கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. மெஷின் சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்திக் கற்றுக்கொண்டதால் என் கன்னடம் இன்றைக்கும் சண்டை போடுகிற மாதிரிதான் இருக்கும். என் மனைவி கோமதிக்கு அந்தத் தேவையே வரவில்லை. சந்தாபுராவில் எங்கள் தெருவில் பால்காரர் தமிழ், தையல்காரர் தமிழ், மருந்துக் கடையும் தமிழ். எதிர்வீட்டு மஞ்சுளா கன்னடக்காரர், ஆனால் அவரும் கோமதியிடம் தமிழில்தான் பேசுவார். "இத்தனை வருஷம் கர்நாடகத் தண்ணி குடிச்சும் உனக்கு நாலு வார்த்தை வரலியே" என்று நான் கிண்டல் செய்வேன். "அதான் ஊட்டுக்கு ஒருத்தர் பேசறீங்களே, போதாதா?" என்பாள்.

எனக்குப் புற்றுநோய் வந்தது இரண்டு வருடங்களுக்கு முன்பு. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே பாக்கு அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. புராஸ்டேட் என்கிறார்கள். அதில் தொடங்கிய நோய், எனக்குத் தெரிய வந்தபோது இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் போயிருந்தது. முற்றிய நிலை என்றார்கள். வயதாகிவிட்டது, அடிக்கடி ஒன்றுக்குப் போகத்தான் செய்யும் என்று நான் அதுவரை சும்மா இருந்திருக்கிறேன். இந்த நோய்க்குத் தீனி ஆண் ஹார்மோன். அதை வற்றவைக்க மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. அந்த ஊசி போட்டால் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் வயதில் வருவது போல உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும், வியர்த்துக் கொட்டும். ஃபேனுக்கு அடியில் நான் தவிப்பதைப் பார்த்து கோமதி, "இப்பத் தெரியுதா?" என்று மட்டும் கேட்பாள். 

ஊசி வேலை செய்தது. ரத்தத்தில் பார்க்கும் நோயின் அளவு அடங்கியது. நானும் பழையபடி நடக்க ஆரம்பித்தேன், சத்தம் போட ஆரம்பித்தேன். போன மழைக்காலம் முடிகிற சமயம் இடது பக்கம் தலைவலி வந்தது. மழையில் நனைந்ததால் என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டேன்.

பிறகு வார்த்தைகள் மாற ஆரம்பித்தன.

கதவைச் சாத்து என்று சொல்ல வாயைத் திறந்தேன், "பாகிலு ஹாக்கு" என்று வந்தது. சீப்பைக் கேட்கப் போய் "பாசணிகெ" என்றேன். குடை சத்ரி ஆனது. தமிழ்ச் சொல் எனக்குத் தெரியாமல் இல்லை. தொண்டை வரை வந்து நின்றுவிடும். அதற்குள் பக்கத்து வாசல் வழியாகக் கன்னடச் சொல் இறங்கி வெளியே போய்விடும்.

வேறு எந்த ஊரிலாவது இது நடந்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். எங்கள் ஊரில் ஒரு வாக்கியத்துக்குள் மூன்று மொழி புழங்காத ஆளை நீங்கள் தேடித்தான் பிடிக்க வேண்டும். என் மகள் நிர்மலா எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை செய்கிறாள். அவள் போனில் அரைமணி நேரம் பேசினால் அதில் தமிழ் எது என்று பொறுக்கி எடுக்க வேண்டும். அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. "அப்பா இப்ப பக்கா லோக்கல் ஆயிட்டாரும்மா" என்று அவள் சிரித்தாள்.

ஒருநாள் பேப்பர் படிக்கக் கண்ணாடியைத் தேடினேன். "கன்னடக எல்லி?" என்று கேட்டேன். கன்னடத்தில் கன்னடக என்றால் மூக்குக் கண்ணாடி, எல்லி என்றால் எங்கே. தெருவில் கேட்டுக் கேட்டு எல்லி மட்டும் கோமதிக்குத் தெரியும், கன்னடக தெரியாது.

"கன்னடம் எங்கயா? அதான் உங்க வாய்லயே குந்திகினு இருக்குதே!" என்று அவள் பொரிந்தாள்.

தனக்குக் கன்னடம் வராததைக் குத்திக்காட்டவே நான் வீம்புக்குப் பேசுகிறேன் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போவாள். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தால் அதுவும் கன்னடத்திலேயே வரும். கோபம் இன்னும் ஏறும். எனக்கும் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

ஒரு காலை அவள் அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். சமாதானம் செய்யலாம் என்று போனேன். அவளைக் கூப்பிட வேண்டும். பெயர் வரவில்லை. என் மனைவியின் பெயர் எனக்கு வரவில்லை. அதற்குக் கன்னடச் சொல்லும் கிடையாதே, மாற்றிச் சொல்ல. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவள் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்த உடனே அடுப்பை அணைத்தாள்.

"ஏங்க, என் பேரைச் சொல்லுங்க" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். கரண்டியைப் போட்டுவிட்டு என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, உங்களுக்கு என்னமோ ஆயிருக்குது. நானு ஒரு முட்டாளு" என்று சொல்லிக்கொண்டே நிர்மலாவுக்குப் போன் போட்டாள்.

ஓசூர் சாலையில் எனக்கு ஊசி போடும் ஆஸ்பத்திரிக்கே போனோம். அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர், கன்னடக்காரர், மிகவும் மரியாதையான மனிதர். கையைத் தூக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார். பேனாவைக் காட்டினார், சொன்னேன். சாவியைக் காட்டினார், "பீகத கை" என்றேன். சீப்பு, குடை என்று படங்களைக் காட்டினார். எல்லாவற்றுக்கும் பட்பட்டென்று பதில் சொன்னேன். பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதப் போனார்.

"சார், எழுதாதீங்க சார். அவரு தப்பு தப்பா சொல்றாரு" என்றாள் கோமதி.

"இல்லம்மா, சரியாகே ஹேள்தாயிதாரே" என்றார் அவர். சரியாகத்தானே சொல்கிறார் என்று அர்த்தம்.

"உங்களுக்குச் சரி சார். எனக்குத் தப்பு. எங்க ஊட்ல இவரு சீப்ப சீப்புன்னுதான் சொல்லுவாரு. காலைல என் பேரே வரல சார்."

அந்தப் பிள்ளை பேனாவைக் கீழே வைத்தார். தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருவரை அழைத்து, அதே படங்களைக் காட்டித் தமிழில் கேட்கச் சொன்னார். எனக்கு ஒன்றுகூட வரவில்லை. டாக்டர் முகம் மாறிவிட்டது. உடனே ஸ்கேனுக்கு எழுதினார். ஒரு பெண்மணி சொன்னதை நின்று கேட்டாரே, அதற்கு அவரை நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். நல்லா இருக்கட்டும்.

எம்.ஆர்.ஐ. என்பது ஒரு குழாய். உள்ளே படுக்கவைத்து அசையக் கூடாது என்கிறார்கள். உள்ளே வரும் சத்தத்துக்கு எல்லாரும் பயப்படுவார்களாம். எனக்கு அது எங்கள் தொழிற்சாலையில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் நிற்பது மாதிரி இருந்தது. கண்ணை மூடிக் கிடந்தேன்.

என் புற்றுநோய் டாக்டர் ரேகா மைசூர்க்காரர். தட்டுத் தடுமாறித் தமிழ் பேசுவார். கோமதியையும் நிர்மலாவையும் உட்காரவைத்து, என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார். மறைத்துப் பேசவில்லை.

"தேங்காய் இருக்குதல்லவா, ஓடு இருக்கு, உள்ளே பருப்பு இருக்கு. நடுவே ஒரு தோல் இருக்கு. மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே அதே மாதிரி கெட்டியா ஒரு உறை. டியூரா சொல்வோம். உங்க யஜமான்ருக்கு அந்த உறைமேலே, இடது பக்கம், ஒரு தடிப்பு. அது மூளையை அமுக்குது. பேச்சு இருக்கிற இடம் அதுதான்."

"கேன்சருங்களா?" என்றாள் கோமதி.

இரண்டு விதமாக இருக்கலாம் என்றார் டாக்டர். அந்த உறையிலேயே சாதுவான கட்டி ஒன்று வரும். எடுத்துவிட்டால் பெரும்பாலும் தொல்லை முடிந்தது. இல்லையென்றால் புராஸ்டேட்டிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம். இந்த நோய் எலும்புக்குப் போவது சகஜம், மூளையின் உறைக்குப் போவது மிக அபூர்வம். ரத்தத்தில் நோயின் அளவு அடங்கியிருக்கும்போதே சில நேரம் இப்படிச் செய்யும். படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

"பேச்சு திரும்பி வருமா மேடம்?" என்று நிர்மலா கேட்டாள்.

"வீக்கம் இறங்கினா வரலாம். எந்த பாஷை எவ்வளவு வரும்னு என்னாலே சொல்ல முடியாது. பிராமிஸ் மாடக்காகல்லம்மா."

என்னால் வாக்குக் கொடுக்க முடியாதம்மா என்கிறார். பாதிக்குப் பாதி கன்னடமும் கலந்து சொன்னதால் எனக்கு எல்லாம் புரிந்தது. நோயைவிட அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் கலக்கியது. சாவது ஒரு பக்கம் இருக்கட்டும். இருக்கிற நாளில் கோமதியோடு பேச முடியாவிட்டால் எப்படி இருப்பது? அவள் பேசுவதே அந்த நாட்களில் எனக்குச் சரியாகப் புரியவில்லை. தெரிந்த பாட்டின் மெட்டு கேட்கிறது, வார்த்தை கேட்கவில்லை என்பது மாதிரி இருந்தது.

வீக்கம் இறங்க ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். அதில் பசி எடுத்தது பாருங்கள், இட்லியை எண்ணாமல் தின்றேன். அடுத்து இன்னொரு ஸ்கேன். புராஸ்டேட் புற்று எங்கே இருந்தாலும் போய் ஒட்டிக்கொண்டு ஒளிரும் மருந்தை ஊசியில் ஏற்றி எடுப்பார்கள். அதிலும் அந்த இடம் ஒளிர்ந்தது. ஆனால் சாதுவான கட்டியும் சில சமயம் ஒளிருமாம். ஆபரேஷன் செய்து எடுத்து, சோதித்துப் பார்த்தால்தான் தீரும் என்றார்கள். எல்லாரும் கட்டி இருக்கக் கூடாது என்று வேண்டுவார்கள். நாங்கள் நல்ல குணமுள்ள கட்டியாக இருக்கட்டும் என்று முருகனிடம் வேண்டினோம்.

அந்தக் காத்திருப்பு நாட்களில் என் வீட்டார் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. நிர்மலா காத்திருப்புக் கூடத்து நாற்காலியிலேயே ஆபீஸ் நடத்தினாள். மடியில் லேப்டாப், காதில் மீட்டிங், இன்ஷூரன்ஸ் கவுன்டரில் ஒரு கண். அவள் கம்பெனியின் இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டால் வீட்டை விற்றுத்தான் கட்டியிருக்க வேண்டும். அனுமதி வராமல் இழுத்த அன்று அந்தக் கவுன்டரில் சத்தம் போட்டாள் பாருங்கள், எனக்கு ஒரே பெருமை. என் மகள்தான், சந்தேகமில்லை.

மஞ்சுளா தினமும் மத்தியானம் ராகிக் கஞ்சியோ, சாறு என்று அவர்கள் சொல்லும் ரசமோ கொண்டுவருவார். வந்ததும் என்னைப் பார்த்து, "தலெ கெடிஸ்கோபேடி அண்ணா" என்பார். கவலைப்படாதீர்கள் என்பதற்குக் கன்னடத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அப்படியே பிரித்துப் பார்த்தால் தலையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று அர்த்தம். ஏற்கெனவே கெட்டுப்போன தலையை வைத்துக்கொண்டு நான் சிரித்தேன். தான் சொன்னது உறைத்ததும் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு அவரும் சிரித்தார்.

அவர் வந்தால் கோமதி அவரை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போவாள். ஏதோ பெண்கள் பேச்சு என்று நினைத்தேன். ஒருநாள் உள்ளே வந்து என் எதிரில் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, "நீரு பேக்கா?" என்றாள்.

தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறாள். கன்னடத்தில் கேட்கிறாள்! எனக்கு அது சட்டென்று புரிந்தது. "பேக்கு" என்றேன். அவள் டம்ளர் நிறையத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு தினம் ஒரு புதிய வார்த்தை வந்தது. நோவு இதெயா, ஊட்ட ஆய்தா, யாரு பந்தரு. வலிக்கிறதா, சாப்பிட்டாச்சா, யார் வந்தார்கள் என்று அர்த்தம். பாதி தப்பு, பாதி தமிழ். எங்கள் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்தவன் பேசுகிற கன்னடம் மாதிரி இருந்தது. எனக்கு அமிர்தமாக இருந்தது. ஒரே ஒரு வார்த்தையை மட்டும் அவள் சொல்ல மறுத்துவிட்டாள். படுத்துக்கொள்ளுங்கள் என்பதற்குக் கன்னடத்தில் மல்கொள்ளி என்று சொல்ல வேண்டும்.

"கொள்ளின்னு முடியுது மஞ்சுளா. ஆஸ்பத்திரில வெச்சி அந்த வார்த்தைய என் வாயால சொல்லமாட்டேன். வேற ஒண்ணு குடு" என்றாள்.

மஞ்சுளா யோசித்துவிட்டு, "நித்ரெ மாடி" என்று சொல்லிக்கொடுத்தார். தூங்குங்கள் என்று அர்த்தம். எனவே அந்த வார்டில் நான் படுக்கவே இல்லை, நேராகத் தூக்கம்தான்.

ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது பயமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? கோமதி ஸ்ட்ரெச்சர் கூடவே வந்து, கதவு வரை என் கையை விடவில்லை. அவளிடம் சொல்ல ஆயிரம் இருந்தது, தமிழில் எதுவும் வரவில்லை. அவளுக்கும் கன்னடம் அவ்வளவு தூரம் வரவில்லை. "நித்ரெ மாடி" என்றாள்.

மண்டை ஓட்டில் ஒரு சன்னல் வெட்டி, உறையோடு அந்தத் தடிப்பை எடுத்துவிட்டு, வேறொரு உறை வைத்துத் தைத்து மூடியிருந்தார்கள். ஐ.சி.யு.விலிருந்து வார்டுக்கு வந்தபோது தலையில் பெரிய கட்டு. முதல் இரண்டு நாள் எந்த மொழியிலும் எதுவும் பேசவில்லை. அந்த இரண்டு நாளில்தான் கோமதி இளைத்துப்போனாள் என்று நிர்மலா பிறகு சொன்னாள்.

அடுத்த நாள் கோமதி கஞ்சி கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு இல்ல" என்றேன்.

பக்கத்தில் நின்ற நிர்மலா துள்ளினாள்.

"அம்மா! அப்பா தமிழ் பேசிட்டாரு!"

"இருடி. கன்னடத்துலயும் உப்பு உப்புதான். இல்லன்னா இல்லதான். மஞ்சுளா சொல்லிக் குடுத்துச்சி."

"அவங்க இல்லாங்கறத கொஞ்சம் இழுப்பாங்கம்மா. அப்பா இழுக்கல."

"இழுத்த மாதிரிதாண்டி எனக்குக் கேட்டுது."

"இல்லவே இல்ல. வேணும்னா மறுபடி சொல்லச் சொல்லு."

நான் கஞ்சிக் கிண்ணத்தோடு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைப் பிளந்து வைத்துப் படுத்திருக்கிறவனுக்கு ஒரு சிட்டிகை உப்புப் போடாமல் என்ன பட்டிமன்றம்? எனக்கு வந்ததே கோபம்.

"ஏன் கோமு, ரெண்டு பேருக்கும் வேற வேலை இல்லியா? தமிழ்லதான் சொன்னேன். உப்பு எடுத்தா!"

கோமதி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். உப்பு எடுக்க யாரும் போகவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர்தான் தன்னிடமிருந்த பொட்டலத்தை நீட்டினார்.

சோதனை முடிவு ஒரு வாரம் கழித்து வந்தது. நல்ல குணமுள்ள கட்டி இல்லை. புராஸ்டேட்டிலிருந்து வந்ததுதான். டாக்டர் ரேகா அதையும் ஒளிக்கவில்லை. முழுக்கத் துடைத்து எறிகிற வைத்தியம் இதற்கு இல்லை, அடக்கிவைக்கலாம், நல்லபடியாக நாட்களை நீட்டலாம் என்றார். கேட்டுக்கொண்டோம். அழுதோம். அழுத பிறகு கேன்டீனில் போய்க் காபி குடித்தோம்.

எடுத்த இடத்தில் மிச்சம் இருப்பதைப் பொசுக்கக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். முகம் அசையாமல் இருக்க ஒரு முகமூடி. சுடுதண்ணீரில் இளக்கிய வலையை முகத்தில் வைத்து அழுத்தினால் நம் முகமாகவே இறுகிவிடும். அதை மேசையோடு பூட்டிவிடுவார்கள். முதல் நாள் மூச்சு முட்டியது. இரண்டாம் நாளிலிருந்து அந்தச் சில நிமிடங்களில் எங்கள் அடுப்படியில் உள்ள சாமான்களின் பெயரை மனதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டு கிடந்தேன். எண்ணெயை வடித்து அப்பளம் எடுக்கிற ஓட்டைக் கரண்டி, அந்த ஜாரணி மட்டும் பல நாள் அகப்படாமல் ஏமாற்றியது. அது அகப்பட்ட அன்று முகமூடிக்குள்ளேயே சிரித்திருக்கிறேன். வெளியே கோமதி காத்திருப்பாள். அவளிடம் போய் "ஜாரணி" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

இப்போது வீட்டில் இருக்கிறேன். ஊசியோடு மாத்திரையும் சேர்ந்திருக்கிறது. போன ஸ்கேனில் தலை அமைதியாக இருந்தது. களைப்பு உண்டு, எப்போதாவது ஒரு வார்த்தை ஒளிந்துகொண்டு வேடிக்கை காட்டும். மற்றபடி தமிழில் தாராளமாகச் சண்டை போடுகிறேன். இந்த நோய்க்கு யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் என்னைச் சுற்றி இருந்தவர்களுக்கு எந்த மொழியில் நன்றி சொன்னாலும் போதாது.

போன வாரம் கோமதி அவரைக்காய்க் கொட்டையைத் தோலுரித்துக்கொண்டே மஞ்சுளாவிடம் கன்னடப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பேச்சு வந்து மாதங்கள் ஆகியும் அவள் பாடத்தை விடவில்லை. இப்போது முழு வாக்கியம் பேசுகிறாள். மஞ்சுளா போன பிறகு கேட்டேன்.

"எனக்குத்தான் தமிழ் வந்துருச்சே கோமு. இன்னும் எதுக்கு இது?"

அவள் கொட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மறுபடி வந்துச்சின்னா நானு உங்களோட பேசணுமில்லிங்க. அப்ப போயி எழுத்துக்கூட்டிகினு இருக்க முடியுமா?"

நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முறத்தில் பாதிக் கொட்டையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவளுக்குக் கன்னடப் பாடம் நான்தான் எடுக்கிறேன். மஞ்சுளாவைவிட நான் ரொம்பக் கண்டிப்பு என்று குறை சொல்கிறாள்.